விஷம் ஏறும் உடம்பு

இருளருக்குப் பாம்பு விஷம் ஏறாது என்று எங்கள் பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். இருட்டில் கண் தெரியும், மண்ணை மோந்தே பாம்பு கிடக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள், வெயிலும் மழையும் அவர்கள் தோலில் உறைக்காது, காய்ச்சல் அண்டாது என்றும் சொல்வார்கள். பிள்ளை சோறு தின்ன அடம்பிடித்தால், "இருளன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டி ஊட்டுவார்கள். நான் இருளர் வீட்டுப் பெண். எலிவளையில் தோண்டிய நெல்லைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் விற்க நின்றபோது, என்னைக் கைகாட்டியே ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டினார்கள். பருப்பும் நெய்யும் கலந்த வாசனை வாசல்வரை வந்தது. அந்தக் குழந்தை என்னைப் பார்த்துப் பயந்து வாயைத் திறந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னதாக இருக்கும், அவ்வளவுதான்.

அவர்கள் சொன்ன மாதிரி உடம்பு கதையில் வரும் மலை ராட்சசனுக்குத்தான் உண்டு. எங்களுக்கு இருந்தது எல்லோருக்கும் இருக்கிற உடம்பு. அதற்குப் பசிக்கும், வலிக்கும், விஷமும் ஏறும். விஷம் ஏறி ஓர் உயிர் போனதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தவர்களில் இன்று இருப்பது நான் மட்டும். அதனால் எழுதிவைக்கிறேன்.

வேடந்தாங்கல் ஏரியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், கரம்பு நிலத்தில் எங்கள் குடிசைகள் இருந்தன. பனையோலைக் கூரை. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஐப்பசி மழை பிடித்து ஏரி நிரம்பியதும் பறவைகள் வந்து இறங்கும். நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள் இடுப்பு முழுகி நிற்கும். அவற்றின் மேல் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, அரிவாள் மூக்கன் என்று கிளையே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். நாரைகள் அலகோடு அலகு தட்டும் சத்தம் எங்கள் குடிசைவரை கேட்கும். எச்சத்தின் காரமான நெடியும் சேற்று வாசமும் சேர்ந்து காற்றில் வரும். அந்த நெடி இல்லாத கார்த்திகையை எனக்கு நினைக்கத் தெரியாது.

எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் கருகருவென்று நிற்கும். அதனால் ஊரார் அந்தப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்கமாட்டார்கள். 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் வந்து பறவைகளைச் சுட்டார்கள் என்றும், ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள் என்றும், இனி யாரும் சுடக்கூடாது என்று அவர் எழுதிக்கொடுத்தார் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். 1936-ல் அது சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. எங்கள் ஆயாவுக்கு இதெல்லாம் தெரியாது. "இந்த ஏரியில கல்லெடுத்து எறியக் கூடாதுடி" என்பது மட்டும் தெரியும். வயிறு காய்ந்த நாளிலும் அந்தக் கூடுகளில் நாங்கள் கைவைத்ததில்லை.

நெல் விளைந்தால் எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே சாரையும் நாகமும் வரும். அவற்றுக்குப் பின்னால் நாங்கள் போவோம். அறுப்பு முடிந்த வயலில் ஆயா வரப்போரமாக நடப்பாள். வளையின் வாயில் மண் புதிதாகத் தள்ளியிருக்கிறதா, சிலந்தி நூல் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். நூல் கட்டியிருந்தால் உள்ளே எதுவும் இல்லை. ஓட்டை போட்ட சட்டியில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வளையின் வாயில் கவிழ்த்து ஊதுவாள். புகை வேறு எந்தப் பொந்து வழியாக வெளியே வருகிறது என்று பார்த்து அடைக்கச் சொல்வாள். பிறகு தோண்டுவோம். எலி குழம்புக்கு. எலி சேர்த்துவைத்த கதிரும் நெல்லும் எங்கள் கஞ்சிக்கு. அந்த நெல்லைக் குத்தி ஆக்கினால் மண்வாசம் போகாது. முதல் மழைக்குப் பின் ஈசல் புறப்படும் ராத்திரியில் விளக்கை வைத்துப் பிடித்து வறுப்போம். வறுத்த ஈசலும் அரிசியும் சேர்ந்த வாசனையில்தான் எங்கள் குடிசைகளுக்கு மழைக்காலம் தொடங்கும்.

அப்பா பாம்புக்காரர். கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை. வேறு ஒன்றும் கிடையாது. அவர் மூக்கில் எந்த மாயமும் இருக்கவில்லை. பொந்தின் வாய் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, உரித்த சட்டை முள்ளில் மாட்டியிருக்கிறதா, புழுதியில் ஊர்ந்த தடம் எந்தப் பக்கம் போகிறது, எச்சத்தில் எலிமயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். அவருக்கு அதை அவர் அப்பா காட்டிக்கொடுத்தார். அப்பா என் அண்ணனுக்குக் காட்டிக்கொடுத்தார். அண்ணன் முதலில் வெறுங்குச்சியைப் பிடித்துப் பழகினான், பிறகு தண்ணீர்ப்பாம்பு, பிறகு சாரை. நாகத்தைத் தொட அவனுக்கு மீசை அரும்பும்வரை அனுமதி கிடைக்கவில்லை. "பயம் போயிடுச்சுன்னு சொல்றவனைக் கூட்டிப்போக மாட்டேன்" என்பார் அப்பா. எங்களிடம் இருந்தது இதுதான். இதைக் கையால் கற்றோம்.

பிடித்த பாம்புகளின் தோலுக்கு விலை இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. மரத்தில் தலையை அடித்து, தோலை உரித்து, உப்பு தடவி, வெயிலில் காயவைப்போம். சைக்கிளில் ஒரு வியாபாரி வருவார். விரலால் அளந்து எண்ணி, சில்லறை கொடுத்து, சுருட்டிக் கட்டிக்கொண்டு போவார். அந்தத் தோல் பதனிடப்பட்டு, கப்பல் ஏறி, வெளிநாட்டில் கைப்பையாகவும் செருப்பாகவும் மாறியது. அதன் விலை அங்கே என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உப்பும் இரத்தமும் காய்ந்த அந்த வாடை அப்பாவின் வேட்டியில் எப்போதும் இருக்கும். அந்தக் காலத்தில் நாடு முழுக்க லட்சக்கணக்கில் பாம்புகள் இப்படிச் செத்தன. வயலில் எலி பெருகியது. பாம்பைக் காக்கச் சட்டம் வந்தது நியாயம் என்று இன்று எனக்குத் தெரியும். அதன் பிறகு எங்களுக்கு என்ன ஆனது என்பதையும் யாராவது சொல்லவேண்டும்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. நாட்டில் அப்போது நெருக்கடி நிலை. சென்னையில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் மெதுவான குரலில் பேசிக்கொண்டார்கள். எங்கள் குடிசைகளுக்கு வந்த சேதி வேறு: சைக்கிள் வியாபாரி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தோம், ஒரு மாதம் பார்த்தோம். காய்ந்த தோல்கள் கூரையில் செருகியபடியே இருந்தன. கடைசியில் அவர் வந்தபோது சைக்கிள் கேரியரில் கருவாட்டு மூட்டை இருந்தது. "இனிமே தோல் வாங்கினா உள்ள போட்ருவாங்கப்பா. காட்டுப்பக்கம் நீயும் போவாத" என்றார். அப்பா முகத்தில் கோபமே இல்லை. குழப்பம்தான் இருந்தது. நேற்றுவரை வேலை என்று இருந்தது இன்று எப்படிக் குற்றம் ஆகும் என்று அவரால் யோசிக்க முடியவில்லை. கலெக்டர் பிளேஸ் அந்தக் காலத்தில் ஊராரைக் கேட்டு எழுதிக்கொடுத்தார். எங்களிடம் வந்து கேட்டவர் யாரும் இல்லை.

பசி வந்தது. ஆயா புல்லரிசியும் கிழங்கும் தேடிப்போனாள். காப்புக்காட்டுக்குள் விறகு பொறுக்கினால்கூட அரிவாளைப் பிடுங்கினார்கள். அந்த வருஷம் ஒரு விடியற்காலையில் காக்கிச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். எங்கோ ஒரு கிணற்றில் மோட்டார் காணவில்லையாம். யார், எந்த ஊர், எந்தக் கிணறு, எதுவும் சொல்லவில்லை. குடிசைக்குக் குடிசை இழுத்தார்கள், சட்டி உடைந்தது, ஆயா காலைப் பிடித்தாள், உதறினார்கள், அப்பாவையும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. புழுதி அடங்கிய பிறகுதான் நாங்கள் அழுதோம். திருடியவன் வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் திரும்பி வந்தபோது வலதுகை விரல்கள் மடங்கவில்லை. பாம்பைப் பிடிக்கப் பழக்கிய விரல்கள். அம்மா அதில் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவர்களை வெளியே கொண்டுவரக் கடன் வாங்கியிருந்தோம். கடனை அடைக்க ஓர் அரிசி ஆலைக்காரரிடம் முன்பணம் வாங்கினோம். முன்பணம் தீரும்வரை குடும்பத்தோடு அங்கேயே வேலை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல்தான் சட்டம் வந்தது. அது வந்த கையோடு நாங்கள் கொத்தடிமைகளாக லாரியில் ஏறினோம். ஏரிக்கரையைத் தாண்டும்போது நாரைகள் கூட்டமாக மேலே போயின. ஆயா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆலை சென்னைக்கு வடக்கே இருந்தது. நடுச்சாமத்தில் எழுப்புவார்கள். ஊறிய நெல்லைத் தொட்டியிலிருந்து அள்ளி அவியல் போடவேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும். அவிந்த நெல்லைக் களத்தில் கொட்டி, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிக்கொண்டே நடக்கவேண்டும். பாதம் வெந்து தோல் உரியும். புளித்த நெல்லின் வாசம் தலைமுடிக்குள் புகுந்துகொள்ளும். இன்றும் எங்காவது அந்த வாசம் வந்தால் என் கால் தானாகக் கூசுகிறது. வாரக் கடைசியில் நொய்யும் கொஞ்சம் பணமும் தருவார்கள். கணக்கு நோட்டில் மட்டும் முன்பணம் குறையவே குறையாது. அதைப் படிக்க எங்களில் யாருக்கும் எழுத்து தெரியாது.

ராத்திரி களத்தில் வெறுந்தரையில் படுப்போம். சிமெண்டுத் தரை பகல் சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். எலி சுற்றும் இடத்தில் பாம்பும் சுற்றும். அப்பா படுக்குமுன் சாக்குகளைத் தூக்கிப் பார்ப்பார். ஆனால் கட்டுவிரியன் நடுநிசியில் புறப்படும் பாம்பு. அது கடித்தால் எறும்பு கடித்த மாதிரிகூட வலிக்காது. வீங்காது. இரத்தம் வராது. தூங்குகிறவன் விழிக்காமலே போய்விடுவதும் உண்டு.

ஒரு ராத்திரி அண்ணன் வயிறு வலிக்கிறது என்று எழுந்தான். சாப்பிட்டது சேரவில்லை என்று அம்மா நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் "தொண்டையில என்னவோ அடைக்குது" என்றான். அரிக்கேன் விளக்கைக் கிட்டே கொண்டுபோனபோது அவன் இமைகள் பாதியில் நின்றன. தூக்கம் வருகிறவன் கண்ணைப் போல இருந்தது. ஆனால் அவன் முழு விழிப்போடு எங்களைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தான். அப்பா அவன் உடம்பை விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, ஊசி குத்திய மாதிரி இரண்டு புள்ளிகள். அப்பாவின் முகத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எத்தனையோ பேருக்கு வேரும் இலையும் அரைத்துக் கொடுத்தவர், "இதுக்கு மருந்து நம்மகிட்ட இல்ல. ஊசி போடணும்" என்றார்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம். ஆலை லாரி வாசலில் நின்றது, அப்பா காவல்காரரிடம் ஓடினார், காவல்காரர் மேற்பார்வையாளரை எழுப்பினார், அவர் வந்து பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "இருளனுக்கு எங்கடா விஷம் ஏறும்? விடியட்டும் பாத்துக்கலாம்." அப்பா காலில் விழுந்தார். பூட்டைத் திறக்கவில்லை. அப்பா அண்ணனை முதுகில் போட்டுக்கொண்டு பின்பக்கத்து இடிந்த சுவரேறிக் குதித்தார், நான் பின்னால் ஓடினேன், கல்லும் முள்ளும் தெரியவில்லை, ரோட்டுக்கு வந்தோம், ஒரு லாரி நிற்கவில்லை, இன்னொன்றும் நிற்கவில்லை, அண்ணனின் தலை அப்பாவின் தோளில் இடித்து இடித்து ஆடியது. ஒரு புளியமரத்தடியில் அப்பா நின்றார். இறக்கி மடியில் போட்டார். அண்ணனின் மார்பு மிக மெல்ல ஏறி இறங்கியது. இமையைத் திறக்க முடியவில்லை, பேச முடியவில்லை. என் விரல் மட்டும் அந்த மடங்காத கைக்குள் இருந்தது. அவன் சட்டையில் அவிந்த நெல்லின் வாசம். கிழக்கே வெளுக்கத் தொடங்கியபோது மூச்சு நின்றது.

அப்போதே நஞ்சுமுறி ஊசி சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்தது. ஒரு மணி நேர வண்டிப் பயணம். என் அண்ணனைக் கொன்றதில் கட்டுவிரியனுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பங்கு எங்கள் உடம்பைப் பற்றி ஊர் கட்டிவைத்த கதைக்கு.

அடுத்த மாசி மகத்துக்கு எங்களுக்கு லீவு தர மறுத்தார்கள். எங்கள் ஆட்கள் வருஷம் முழுக்க எங்கே சிதறிக் கிடந்தாலும் மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்துசேர்வார்கள். எங்கள் தெய்வம் கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுவாள். பிள்ளைகள் கரையில் வந்து அழைத்தால் திரும்புவாள். அன்று வராதவனுக்கு அம்மா இல்லை. ஆயா முடிவெடுத்தாள். ஒரு ராத்திரி சட்டியைக்கூட எடுக்காமல் கிளம்பினோம், வயல் வழியாக, ரோட்டை ஒட்டாமல், நாய் குரைத்தால் படுத்து, குழந்தைகளின் வாயைப் பொத்தி, விடிந்ததும் முள்காட்டுக்குள் ஒளிந்து, மறுபடி நடந்து, நகரத்தைச் சுற்றிக்கொண்டு கடலோரம் வந்துவிட்டோம். உப்புக்காற்று முகத்தில் பட்டதும் ஆயா உட்கார்ந்துவிட்டாள்.

கடற்கரை முழுக்கப் புடவைக் கூடாரங்கள். நான்கு குச்சி நட்டு, பழைய புடவையைச் சுற்றினால் ஒரு வீடு. சிவப்பு, பச்சை, ஊதா. ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரே கதை கேட்டது. மதுராந்தகத்துக்காரர்கள் செங்கல் சூளையில் இருந்தார்கள். திருவள்ளூர்க்காரர்கள் எங்களைப்போல் ஆலையில். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மரம்வெட்டில். வழக்கமாக வரும் சில முகங்களைக் காணவில்லை. முன்பணம் விடவில்லை என்றார்கள். விடியுமுன் அலை தொடும் இடத்தில் ஈர மணலால் ஏழு படி கட்டினோம். மஞ்சள், பூ, தேங்காய், பொரி, கற்பூரம். பக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டினார்கள். ஐயர் இல்லை, மேளம் இல்லை, கடல் பார்க்கக் கல்யாணம். இன்னொரு பக்கம் ஒரு குழந்தைக்கு முடியிறக்கினார்கள். துக்கமும் கல்யாணமும் ஒரே ஈரமணலில் நடந்தன. ஆயா மேல் கன்னியம்மா வந்தாள். அவள் என் அண்ணன் பெயரைச் சொல்லி, "எம்புள்ள என்கிட்ட இருக்கான்" என்றாள். அம்மா முதல்முறையாக அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

1978-ல் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்குள். அந்தப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர் எங்கள் ஆட்களோடு சேர்ந்து வயலில் அலைந்து அவர்களின் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். தோலுக்குப் பதில் விஷத்தை எடுக்கலாம், பாம்பைக் கொல்லவேண்டாம் என்பதுதான் சங்கத்தின் வழி. அப்பா சில வருஷம் கழித்து உறுப்பினர் ஆனார்.

அங்கே நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். மணல் போட்ட மண்பானைகள் வரிசையாக இருக்கும். வாயைத் துணியால் கட்டி, எந்தப் பாம்பு, எந்தத் தேதி என்று குறித்திருப்பார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். பாம்புகடியில் இந்த நாட்டில் சாகிறவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது இந்த நான்குதான். ஒருவர் பாம்பின் தலையைப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்கவிடுவார். சவ்வைத் துளைத்துக்கொண்டு விஷம் சொட்டும். நாகத்தின் விஷம் மஞ்சளாகத் திரளும். கட்டுவிரியன் தருவது மிகக் கொஞ்சம். வாரத்துக்கு ஒரு தடவையாகச் சில வாரம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, காட்டில் விட்டுவிடவேண்டும். விஷத்தை உறைய வைத்து உலர்த்தித் தூளாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்தால் நஞ்சுமுறி மருந்து. பல ஆண்டுகளாக இந்தியாவில் அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி எங்கள் ஆட்களின் கையிலிருந்து போனது.

அப்பா கட்டுவிரியனைப் பிடிக்கும் நாளில் யாரோடும் பேசமாட்டார். ஒருநாள் அதைக் காட்டில் விட்டுவிட்டு நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள் சருகுக்குள் போய் மறைந்தன. "இதுமேல எனக்குக் கோவம் இல்லம்மா. இது பொய் சொல்லல" என்றார்.

தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கத்தின் மூலிகைத் தோட்டத்தில் நாற்றுப் போட்டுக்கொண்டே நான் எழுத்து படித்தேன். பெயர் எழுதக் கற்ற பிறகு எங்களைப் பற்றி எழுதியதைத் தேடிப் படித்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி எட்கர் தர்ஸ்டனின் புத்தகத்தை வாசித்துச் சொன்னாள். தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தை நடத்தியவர். 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டவர். செங்கல்பட்டு இருளரைப் பற்றியும் அதில் இருக்கிறது. மூக்கின் நீளம், அகலம், தலையின் அளவு என்று கருவி வைத்து அளந்தவர் அவர். அன்று அளக்க நின்றவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் இருந்திருக்கலாம். இவ்வளவு அளந்தும் கடப்பாரை பிடித்த கை எப்படிக் கற்றது என்பதை எந்தக் கருவியும் எடுக்கவில்லை.

எங்கள் இரத்தத்தில் தேடவேண்டியது ஒன்று நிஜமாகவே உண்டு. நீலகிரி மலைச்சரிவுகளில் எங்கள் இனத்தார் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி மொழி. ரங்கசாமி மலையில் அவர்கள்தான் பூசாரி. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இரத்தசோகைக்கான மரபுக்கூறு இருப்பதை 1952-லேயே மருத்துவர்கள் கண்டு எழுதிவிட்டார்கள். இரத்த அணு வளைந்து குழாயில் அடைத்துக்கொள்ளும் நோய். மூட்டுவலி என்று வருகிற பிள்ளைக்கு அந்தச் சோதனையைச் செய்யவேண்டும். வலி தாங்கும் உடம்பு என்று திருப்பி அனுப்பக்கூடாது.

நல்லது நடக்காமல் இல்லை. வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவுக்குப் போய், ஃபுளோரிடா சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்று எங்கள் குடியிருப்பில் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதோம். 2021 தீபாவளி நாளில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மாமல்லபுரம் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். ஆனால் விஷம் எடுக்க அரசு அனுமதி தாமதமான காலங்களில் பானைகள் காலியாகவே கிடந்தன. இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புகடியில் சாகிறார்கள் என்று 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் கிராமத்தில், வயலில், வெறுந்தரையில் படுப்பவர்கள்.

என் பேத்தி சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். "பாம்பு பிடிக்கத் தெரியுமா? எலி தின்பியா?" என்று அவளிடம் கேட்டார். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தவள். பாம்பைத் தொட்டதே இல்லை. அவள் முகம் சிவந்ததைப் பார்த்தேன். அந்தப் பழைய வாசலில் பருப்புச்சோற்று வாசனைக்கு முன்னால் நின்ற பிள்ளையை அதில் கண்டேன். நான் எழுந்து சொன்னேன்: "ஐயா, பாம்பு பிடிக்கிறது நாங்க கத்துக்கிட்ட தொழில். அவ வேற தொழில் கத்துக்கப்போறா. இருளச்சிதான்." சான்றிதழ் வர நாளாயிற்று. வந்தது.

பாம்பையும் பறவையையும் காக்கும் சட்டம் இருக்கட்டும். இன்னும் வரட்டும். சட்டம் எழுதுவதற்கு முன்னால் அந்த மண்ணில் வாழ்கிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். எங்கள் ஏரிக்கரையில் இருநூறு வருஷம் முன்பே ஒரு கலெக்டர் செய்ததுதான் அது. இருளர் பிள்ளைகள் பாம்புக்காரராக விரும்பினால் அந்த வேலைக்கு மரியாதையும் கூலியும் அனுமதியும் இருக்கவேண்டும். விரும்பாவிட்டால், அதைச் சொல்லி அவர்கள் படிப்பை மறிக்கக்கூடாது.

பேத்தி இப்போது நர்சிங் படிக்கிறாள். முதலுதவிப் பாடத்தில் நஞ்சுமுறி மருந்து வந்த அன்று அவளுக்கு அண்ணன் கதையைச் சொன்னேன். அவள் பெரியதாத்தாவின் பெயர் அவளுக்குத் தெரியும், அவன் எந்த வேளையில் எழுந்தான், என்ன சொன்னான், யார் பூட்டைத் திறக்கவில்லை என்பதும் தெரியும். நாளை ஆஸ்பத்திரி வாசலில் பாம்பு கடித்தவரை இறக்கும்போது அவர் எந்த ஊர், எந்தச் சாதி, அவர் உடம்பு எதைத் தாங்கும் என்று யாராவது பேசத் தொடங்கினால், அவள் காதில் வாங்காமல் முதல் ஊசியை எடுக்கவேண்டும். அதற்காகத்தான் அவளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.